ஆலய அலுவலகத்தில் வேலை செய்பவர் எந்த நேரத்தில் வழிபடுவது?

கேள்வி: அலுவலகச் செயலர்

அனைவருக்கும் வணக்கம். நடுத்தர அளவுள்ள ஒரு சபையின் அலுவலகத்தில் ஆறு ஆண்டுகளாகச் செயலராகப் பணிபுரிந்து வருகிறேன். ஞானஸ்நானப் பதிவேடும் திருமணப் பதிவேடும், அடக்க ஆராதனைக்கான ஏற்பாடுகளும், வார அறிக்கையை அச்சிடுவதும், மண்டபத்தை யாருக்கு எந்த நாளில் ஒதுக்குவது என்ற வழக்கும், வேதபாடம் வாசிக்க வேண்டியவர் கடைசி நேரத்தில் வர இயலாது என்று சொன்னால் வேறொருவரைத் தேடிப் பிடிப்பதும் என் மேசைக்கே வந்து சேர்கின்றன. வேலை பிடிக்காமல் இதை எழுதவில்லை. துக்கத்தில் வந்து நிற்கும் ஒரு குடும்பத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் ஒழுங்குசெய்து கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகும் நாள்களில், இதைவிட நல்ல வேலை எனக்குக் கிடைத்திருக்காது என்றே எண்ணுகிறேன்.

என் சிக்கல் ஞாயிற்றுக்கிழமையில் இருக்கிறது. கண்களை மூடினால் ஒலிபெருக்கியின் இரைச்சல் கேட்கிறது. பாவ அறிக்கையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அச்சிட்ட தாளில் மூன்றாம் பாட்டின் எண் தவறாக விழுந்திருப்பது கண்ணில் படுகிறது. அதற்குப் பிறகு நான் எதை அறிக்கையிட்டேன் என்பது எனக்கே தெரிவதில்லை. திருவிருந்துக்கு வரிசையில் நிற்கும்போதுகூட, பின்னாலிருந்து ஒருவர் தோளைத் தொட்டு மண்டபச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். அவர்மேல் கோபம் வரவில்லை. சாவி இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது என் முறை வந்திருந்தது, அவ்வளவுதான்.

இதைவிடக் கடினமானது வேறொன்று. குழுக்கூட்டத்தில் இருவர் ஒருவரையொருவர் என்ன சொன்னார்கள் என்று நடவடிக்கைக் குறிப்பு எழுதியவள் நான். மறு ஞாயிறு அதே இருவர் சமாதான வாழ்த்துக் கூறிக் கைகுலுக்கும்போது, நல்லது என்று மகிழ வேண்டிய மனம் கேலியாகச் சிரிக்கிறது. அந்தச் சிரிப்புத்தான் என்னை அச்சுறுத்துகிறது. இதை ஆயரிடம் சொல்லலாம் என்றால், என் சம்பள உயர்வுக்குப் பரிந்துரைக்க வேண்டியவரும் விடுப்புக்குக் கையொப்பமிட வேண்டியவரும் அவரே. கூடுதல் நேரம் பற்றிப் பேச்செடுத்தால், "ஊழியம்தானே" என்ற ஒற்றைச் சொல்லில் குழுவினர் முடித்துவிடுகிறார்கள்.

இத்தகைய பணியில் இருப்பவர்கள் எங்கே, எப்போது வழிபடுகிறீர்கள்? வேறொரு சபைக்குப் போய் ஆராதனையில் கலந்துகொள்வது துரோகமாகுமா? வேலையை விட்டுவிடுங்கள் என்பது தவிர வேறு எந்த யோசனையையும் கேட்கக் காத்திருக்கிறேன்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற ஆலய நிர்வாகி

அன்புள்ள சகோதரிக்கு, இருபத்திரண்டு ஆண்டுகள் உங்கள் நாற்காலியைப் போன்ற ஒன்றில் அமர்ந்திருந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். நீங்கள் விவரிப்பதை விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சமையற்காரர் விருந்தில் உட்கார்ந்தாலும் உப்பைத்தான் முதலில் கவனிப்பார். அதற்காக அவருக்குப் பசியே இல்லை என்று ஆகிவிடாது. நீங்கள் கவனிக்கப் பழகியவர். ஆறு ஆண்டுகள் பழக்கிய கண்ணை ஒரு மணி நேரத்துக்குக் கழற்றி வைக்க முடியாது.

முதலில் ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஓய்வுநாள் அன்று என்பதை ஒப்புக்கொள்ளுங்கள். எனக்கு இது விளங்கவே எட்டு ஆண்டுகள் ஆயின. ஓய்வுநாளில் ஆசாரியர்கள் தேவாலயத்தில் ஓய்வுநாளை மீறினாலும் குற்றமற்றவர்களாக இருக்கிறார்கள் என்று மத்தேயு 12ஆம் அதிகாரத்தில் இயேசுவே குறிப்பிடுகிறார். எண்ணாகமம் 28ஐப் படித்துப் பார்த்தால், நாள்தோறும் செலுத்தும் இரண்டு ஆட்டுக்குட்டிகளுக்கு மேல் ஓய்வுநாளில் இன்னும் இரண்டு செலுத்த வேண்டியிருந்தது தெரியும். மற்றவர்கள் ஓய்ந்திருந்த நாளில் அவர்களுக்கு வேலை இரட்டிப்பாக இருந்தது. ஆகவே வாரத்தில் வேறொரு நாளை உங்கள் ஓய்வுநாளாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாளை நாட்காட்டியில் எழுதி, அலுவலகக் கதவிலும் ஒட்டுங்கள். ஒட்டினால்தான் நம்புவார்கள்.

அடுத்தது முறை வைப்பது. ஆசாரியர்கள் இருபத்துநான்கு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்ததை 1 நாளாகமம் 24 சொல்கிறது. சகரியா தன் வகுப்பின் முறைப்படி தூபங்காட்டச் சென்றதையும், ஊழிய நாள்கள் நிறைவேறியதும் வீட்டுக்குத் திரும்பியதையும் லூக்கா முதல் அதிகாரத்திலேயே எழுதுகிறார். தேவதூதனைக் கண்டு பேச்சிழந்து நின்ற மனிதர்கூட முறை முடிந்ததும் வீட்டுக்குப் போனார் என்பது எனக்கு எப்போதும் ஆறுதல் தந்த செய்தி. மாதத்தில் ஒரு ஞாயிறாவது வாசலில் நிற்பதும் சாவி வைத்திருப்பதும் கேள்விகளுக்கு விடை சொல்வதும் வேறொருவருடைய பொறுப்பாக இருக்க வேண்டும். அவருடைய பெயர் வார அறிக்கையில் அச்சாக வேண்டும். அச்சிடுகிறவர் நீங்கள்தானே, அந்த அதிகாரத்தைப் பயன்படுத்துங்கள்.

வேறொரு சபைக்குப் போவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் போயிருக்கிறேன். வாரநாளில் மாலை ஆராதனை நடைபெற்ற ஓர் ஆலயத்தின் கடைசி இருக்கையில் பதினொரு ஆண்டுகள் உட்கார்ந்தேன். அங்கே யாரும் என் பெயரைக் கேட்கவில்லை. எங்கள் ஆயரிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன், ஏனெனில் அவர் வேறொருவர் மூலம் அறிந்திருந்தால் அது வேறு பொருள் கொண்டிருக்கும். சொல்லிவிட்டுச் செய்கிற காரியத்தில் துரோகம் எங்கே இருக்கிறது?

மறுமொழி 2: காணிக்கைக் கணக்கு எழுதுபவர்

கேலிச் சிரிப்பைப் பற்றி எழுதிய பகுதியைப் படித்தபோது என்னைப் பற்றியே படிப்பதாக உணர்ந்தேன். எனக்கு அது குழுக்கூட்டத்திலிருந்து வரவில்லை, காணிக்கை உறைகளிலிருந்து வந்தது. நீளமாக ஜெபிக்கும் ஒருவர் உறையில் என்ன வைக்கிறார் என்பதும், யாருடைய கண்ணிலும் படாமல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் என்ன வைக்கிறார் என்பதும் எனக்குத் தெரியும். காணிக்கைப் பெட்டிக்கு எதிராக உட்கார்ந்து யார் எவ்வளவு போடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்க இயேசுவால் முடிந்தது. பார்த்த பிறகும் எல்லாரையும் நேசிக்க அவரால் முடிந்தது. என்னால் முடியவில்லை. ஆகவே பார்ப்பதை நிறுத்துவதற்கு வழி தேடினேன்.

நாங்கள் செய்த மாற்றம் எளிமையானது. உறைகளில் பெயர் இல்லை, எண் மட்டும் இருக்கிறது. எந்த எண் யாருடையது என்ற பட்டியல் இன்னொருவரிடம் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. ஆண்டு இறுதியில் பற்றுச்சீட்டு எழுதும்போது மட்டும் அது வெளியே வரும். எண்ணும்போது எப்போதும் உறவினரல்லாத இருவர் உடனிருந்து, தொகையை எழுதிக் கையொப்பமிட்ட பிறகே பணம் அந்த அறையை விட்டு வெளியேறும். இது புதுமையான ஒன்றும் அன்று. யோவாஸ் அரசன் காலத்தில் ஆலயத்தைப் பழுதுபார்க்க வைத்த பெட்டி நிரம்பியபோது, அரசனின் எழுத்தரும் பிரதான ஆசாரியரும் சேர்ந்து வந்து எண்ணிப் பைகளில் கட்டினார்கள் என்று 2 இராஜாக்கள் 12இல் இருக்கிறது. எருசலேமுக்கு உதவிப் பணம் கொண்டுசென்ற பவுலும், ஒருவரும் குறை சொல்ல இடமில்லாதபடி வேறு சிலரையும் உடன் அனுப்பினார். கள்வன் என்று யாரையும் ஐயுற்று வைத்த ஏற்பாடு என்று இதை நான் எண்ணவில்லை. எண்ணுகிறவரின் மனத்தையும் காக்கிற ஏற்பாடு இது.

உங்கள் நடவடிக்கைக் குறிப்பிலும் இதைப் போன்ற ஒன்றைச் செய்யலாம். கூட்டத்தில் யார் என்ன கடுஞ்சொல் சொன்னார் என்பது குறிப்பில் இடம்பெற வேண்டியதே இல்லை. தீர்மானமும், முன்மொழிந்தவரும், வழிமொழிந்தவரும் இருந்தால் போதும். எழுதாததைக் கொஞ்சம் கொஞ்சமாக மறக்கலாம் என்பது என் அனுபவம். சண்டை நடக்கும்போது நான் பேனாவை மேசைமேல் வைத்துவிடுவேன். இரண்டு மூன்று கூட்டங்களுக்குப் பிறகு, பேனா கீழே போனதைப் பார்த்து அவர்களே குரலைத் தாழ்த்தத் தொடங்கினார்கள். நான் எதிர்பார்த்துச் செய்ததன்று.

மறுமொழி 3: கோயில்பிள்ளையாகப் பணிபுரிபவர்

மேலே எழுதியவர்களோடு நான் முழுவதும் உடன்படவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆலயத்தைத் திறப்பதும் மூடுவதும் பெருக்குவதும் பாத்திரங்களைத் துலக்குவதும் என் வேலை. வேலை வேறு, வழிபாடு வேறு என்று நான் பிரித்ததே இல்லை. விடியுமுன் கதவைத் திறந்து, ஒருவரும் இல்லாத ஆலயத்தில் இருக்கைகளைத் துடைத்துக்கொண்டு போகும்போது, ஒவ்வோர் இருக்கையிலும் வழக்கமாக உட்காருகிறவரை நினைத்துக்கொள்வேன். அந்த இருக்கையை இரண்டு வாரமாகத் துடைக்கத் தேவையிருக்கவில்லை என்றால் அவர் நோயுற்றிருக்கிறார் என்று பொருள். ஆயருக்கு அதைச் சொல்வேன். ஆராதனை நேரத்தில் நான் வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றாலும், என் ஆராதனை அதற்கு முன்பே முடிந்திருக்கும்.

ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்குமுறையின் 31ஆம் அதிகாரத்தில், மடத்துப் பொருள்களுக்குப் பொறுப்பாக இருப்பவர் அங்குள்ள எல்லாக் கருவிகளையும் பலிபீடத்தின் திருப்பாத்திரங்களைப் போலவே கருத வேண்டும் என்கிறார். மண்வெட்டியும் திருப்பாத்திரமும் ஒன்றுபோல் என்றால், உங்கள் அச்சு இயந்திரமும் அப்படித்தான். பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரக் கார்மேல் மடத்தில் இருந்த சகோதரர் லாரன்ஸ் பல ஆண்டுகள் சமையலறையிலும் பின்னர் செருப்புத் தைக்கும் பட்டறையிலும் வேலை செய்தவர். ஜெப நேரத்துக்கும் வேலை நேரத்துக்கும் தமக்கு வேறுபாடில்லை என்று சொன்னவர் அவர். வேறு ஆலயத்தின் கடைசி இருக்கையைத் தேடுவதற்கு முன், உங்கள் மேசையிலேயே அது கிடைக்கிறதா என்று பாருங்கள் அம்மா. அடக்கப் பதிவேட்டில் ஒரு பெயரை எழுதும்போது அந்தப் பெயருக்காக ஒரு நொடி நின்றால் போதும்.

மறுமொழி 4: ஓய்வுபெற்ற ஆலய நிர்வாகி

கோயில்பிள்ளை ஐயா எழுதியது அழகாகவும் உண்மையாகவும் இருக்கிறது. ஆனால் ஒரு வேறுபாட்டை அவர் கவனிக்க வேண்டுகிறேன். துடைப்பம் தோளைத் தொட்டுக் கேள்வி கேட்பதில்லை. காலியான ஆலயம் அவருக்கு இரண்டு மணி நேரம் கிடைக்கிறது. செயலருக்குக் கிடைப்பது தொலைபேசி. சகோதரர் லாரன்ஸுக்கும் மடத்தின் மணி அடித்தது, வேலையை விட்டுவிட்டு ஜெபத்துக்குப் போகும் நேரம் என்று ஒன்று அவருக்கு விதிக்கப்பட்டிருந்தது. அந்த வேலி இருந்ததால்தான் வேலைக்குள்ளும் ஜெபம் பரவ முடிந்தது என்பது என் கருத்து. அதே பெனடிக்ட் தம் 43ஆம் அதிகாரத்தில், மணி ஒலித்தவுடன் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஆராதனைக்கு விரைய வேண்டும், அதைவிட எதையும் முதன்மையாக வைக்கக் கூடாது என்றும் எழுதியிருக்கிறார். இரண்டு அதிகாரங்களையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "வேலையே வழிபாடு" என்று வேலை செய்கிறவர் சொன்னால் அது பக்தி. சம்பளம் கொடுக்கிறவர் சொன்னால் அதைக் கணக்குப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

மறுமொழி 5: ஆயராக இருப்பவர்

சகோதரி, உங்கள் மேசைக்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பவன் எழுதுகிறேன். உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை, எங்கள் அலுவலகத்தில் பணிபுரிபவர் எழுதியதோ என்ற ஐயத்தில் படித்தேன். அவர் அல்லர் என்று நினைக்கிறேன். அவராகவும் இருக்கலாம் என்று தோன்றியதே எனக்குப் போதுமான எச்சரிக்கையாக இருந்தது.

ஒருவருக்கு மேலதிகாரியாகவும் ஆன்மிக ஆலோசகராகவும் ஒரே மனிதர் இருப்பது நடைமுறையில் இயலாத காரியம். நான் பல ஆண்டுகள் இயலும் என்று எண்ணியிருந்தேன். எங்கள் பணியாளர் ஒருவர் தம் குடும்பத் துயரத்தை என்னிடம் ஆயர் என்ற முறையில் சொன்னார். சில மாதங்கள் கழித்து அவருக்குக் கூடுதல் பொறுப்புக் கொடுப்பது பற்றிக் குழு விவாதித்தபோது, நான் ஒன்றும் சொல்லாமல் தயங்கினேன். அந்தத் தயக்கத்தைக் குழு தன் விருப்பப்படி புரிந்துகொண்டது. அவருக்கு அந்தப் பொறுப்புக் கிடைக்கவில்லை. நான் ஓர் இரகசியத்தையும் வெளியிடவில்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஆனால் அவர் என்னிடம் பேசியிராவிட்டால் நான் தயங்கியிருக்க மாட்டேன். அதன்பின் எங்கள் பணியாளர் ஒவ்வொருவரும், வேறொரு சபையின் ஆயரையோ ஓய்வுபெற்ற ஆயரையோ தங்களுக்கென்று தேர்ந்துகொள்ள வேண்டும் என்றும், அவரைச் சந்திக்கச் செல்லும் நேரம் வேலை நேரமாகவே கணக்கிடப்படும் என்றும் ஏற்பாடு செய்தேன். அவர் யார் என்று நான் கேட்பதில்லை. உங்கள் ஆயரிடம் உங்கள் மனப்போராட்டம் முழுவதையும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. இப்படி ஓர் ஏற்பாடு வேண்டும் என்று மட்டும் கேட்டால் போதும், அவர் புரிந்துகொள்வார் என்றே நம்புகிறேன்.

"ஊழியம்தானே" என்ற சொல்லைப் பற்றியும் எழுத வேண்டும், ஏனெனில் அதை நானும் சொல்லியிருக்கிறேன். நெகேமியா 13ஆம் அதிகாரத்தில், ஆலயப் பணி செய்த லேவியருக்குரிய பங்குகள் கொடுக்கப்படாமல் போனதால், லேவியரும் பாடகரும் தங்கள் வயல்களுக்கு ஓடிப்போயிருந்தார்கள். எருசலேமுக்குத் திரும்பி வந்த ஆளுநர் நெகேமியா, ஊழியத்தை விட்டுப் போனீர்களே என்று லேவியரைக் கடிந்துகொள்ளவில்லை. தேவாலயம் ஏன் கைவிடப்பட்டது என்று தலைவர்களோடு வழக்காடினார். ஊழியர்களைத் திரும்ப அழைத்து அவரவர் இடத்தில் நிறுத்திய பிறகு, களஞ்சியங்களுக்கு நம்பிக்கையான பொறுப்பாளர்களையும் நியமித்தார். பங்கு ஒழுங்காகக் கிடைத்தாலன்றி ஊழியம் நிலைக்காது என்பதை அவர் ஆன்மிகக் குறைபாடாகப் பார்க்கவில்லை, நிர்வாகக் குறைபாடாகப் பார்த்தார். உங்கள் வேலைநேரம், ஞாயிறு பணிக்கு ஈடான விடுப்பு, எந்தெந்தப் பொறுப்பு உங்களுடையது அன்று என்பவை எழுத்தில் இருக்க வேண்டும் என்று குழுவிடம் கேளுங்கள். அன்போடு பழகுகிற இடத்தில் எழுத்து எதற்கு என்று கேட்பார்கள். அன்பு இருக்கும்போது எழுதுவதே எளிது, மனம் கசந்த பிறகு ஒரு வரியும் எழுத முடியாது என்று சொல்லுங்கள்.

இன்னொரு சிறு செய்தி, மொழியைப் பற்றியது. அப்போஸ்தலர் 6இல் ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கும் பகுதியில், பழைய தமிழ் மொழிபெயர்ப்பு உணவு பகிர்வதைப் பந்திவிசாரணை என்றும் வசனத்தைப் போதிப்பதை ஊழியம் என்றும் வேறு வேறு சொற்களால் குறிக்கிறது. கிரேக்க மூலத்தில் இரண்டுக்கும் ஒரே வேர்ச்சொல்தான் வருகிறது: தியாகோனியா. மேசையும் பிரசங்க பீடமும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருந்தன. ஒன்றுக்கு மட்டும் ஊழியம் என்ற பெயரைக் கொடுத்துவிட்டு, சம்பளப் பேச்சு வரும்போது மட்டும் அந்தப் பெயரை மற்றதற்கும் இரவல் கொடுக்கிறோம் என்பதை நாங்கள்தாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மறுமொழி 6: அலுவலகச் செயலர் (கேள்வி கேட்டவர்)

ஏழு வாரங்கள் கழித்து எழுதுகிறேன். எல்லாருக்கும் நன்றி. தனித்தனியாக விடை எழுத எண்ணியிருந்தேன். இடையில் இரண்டு அடக்க ஆராதனைகளும் ஒரு திருமணமும் வந்துவிட்டன.

ஆயரிடம் பேசினேன். ஓய்வுபெற்ற ஆயர் ஒருவரைச் சந்திப்பதற்கு உடனே சம்மதித்தார்; சொல்லப்போனால், தமக்கும் அப்படி ஒருவர் தேவைப்படுகிறார் என்றார். எழுத்தில் பணி விவரம் கேட்டது அவ்வளவு எளிதாக முடியவில்லை. குழுவில் இருவர் முகம் சுளித்தார்கள், அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அந்த விவாதத்துக்கு நானே நடவடிக்கைக் குறிப்பு எழுத வேண்டியிருந்ததால், கணக்கு எழுதும் சகோதரர் சொன்னபடி பேனாவைக் கீழே வைக்க முடியவில்லை. மாதத்தின் மூன்றாம் ஞாயிறு வாசலுக்கும் சாவிக்கும் இளைஞர் குழுவிலிருந்து ஒருவர் பொறுப்பேற்றிருக்கிறார். சாவி எங்கே என்று என்னிடம் கேட்டவர்களை அவரிடம் அனுப்பினேன். அவர் என்னிடம் வந்து கேட்டார். இரண்டாம் முறை அப்படி நேரவில்லை.

கோயில்பிள்ளை ஐயாவுக்கு ஒரு வார்த்தை. பதிவேட்டில் பெயரை எழுதும்போது ஒரு நொடி நிற்கச் சொன்னீர்கள். அதைச் செய்து வருகிறேன். ஞானஸ்நானப் பதிவேட்டில் நிற்பது எளிதாக இருக்கிறது. அடக்கப் பதிவேட்டில் நின்றபோது, அந்த முதியவருடைய ஞானஸ்நானமும் திருமணமும் இதே அலமாரியில் எங்கோ எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது. தேடி எடுத்துப் பார்த்தேன். மூன்று வேறு கையெழுத்துகள், மூன்றாவது என்னுடையது. எனக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர்களைப் பற்றி ஒருநாளும் எண்ணியதில்லை.

வேறோர் ஆலயத்தின் மாலை ஆராதனைக்கும் மூன்று முறை போய்வந்தேன். கடைசி இருக்கையில் உட்கார்ந்தேன். யாருக்கும் என்னைத் தெரியாது. முதல் முறை, இரண்டாம் பாட்டின்போது ஒலிபெருக்கி கீச்சிட்டதும் நான் பாதி எழுந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த பெண்மணி, வெளியே போக வழி கேட்கிறேன் என்று எண்ணிக் காலை ஒதுக்கிக்கொண்டார். திரும்ப உட்கார்ந்தேன். வேறு யாரோ எழுந்து போய் அதைச் சரிசெய்தார்.